மருமகன் போனுக்கு ஒரு பூட்டு

சான் ஹோசே

அன்புள்ள ஆச்சிக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் பையன், என் மருமகன், லைசென்ஸ் வாங்கிவிட்டான், வண்டியில் போனைத் தொடாமல் இருக்க அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கே கலிபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பழகுநர் அனுமதி தருவார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க 50 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதில் 10 மணி நேரம் இருட்டில். 16 வயதில் லைசென்ஸ். 18 ஆகும்வரை ஹெட்செட்டில் பேசுவதும் குற்றம். சட்டம் இருந்தென்ன, பிள்ளைகள் எங்கேயும் பிள்ளைகள்தான். அதனால் போனுக்கே பூட்டுப் போடுகிறார்கள்.

ஐபோனுக்குத் தனி ஆப் வேண்டாம். செட்டிங்ஸில் ஃபோகஸ், அதற்குள் டிரைவிங்; வண்டி ஓடும்போது மணியையும் மெசேஜையும் அடக்கிவைப்பது அதுதான். எப்போது வேலை செய்யட்டும் என்று கேட்கும் இடத்தில், அத்தான் காரின் புளூடூத்தோடு சேரும்போது என்று வையுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்றால் அசைவை வைத்து ஊகிக்கும். காரைக்குடியிலிருந்து திருச்சி பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போனாலும் இவன்தான் ஓட்டுகிறான் என்று மூடிக்கொள்ளும். பையன் எரிச்சலில் ஒரேயடியாக அணைத்துவிடுவான். பாதி ஆப்கள் தோற்பது இங்கேதான். பைக்குக்கு மட்டும் ஆட்டோமேட்டிக்கை விட்டால் வழியில்லை.

அவன் அணைக்காமலிருக்க, ஸ்க்ரீன் டைமில் உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணைப் போட்டு, டிரைவிங் ஃபோகஸை மாற்றும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்போதும் ‘நான் ஓட்டவில்லை’ என்று தட்டினால் திறக்கும். பின் சீட்டில் இருப்பவனுக்காக வைத்த ஓட்டை அது, அடைக்க முடியாது.

ஆண்ட்ராய்டில் இதற்கென்று ஆப் போட்டால், இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று கொடுத்து, பேட்டரி கட்டுப்பாட்டையும் நீக்குங்கள். இல்லையென்றால் சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே ஆப்பைத் தூங்க வைத்துவிடும்.

இனி நம் ஆட்கள் சங்கதி. ‘வண்டியில் இருக்கிறேன்’ என்று ஐபோன் தானாக அனுப்பும் பதில் மெசேஜில்தான் போகும், வாட்ஸ்அப்பில் போகாது. பதில் காணோமே என்று ஆத்தா கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் உடனே மறுபடியும். மூன்று நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் முறை கூப்பிட்டால், அவசரம் என்று எண்ணி போன் மணியடித்துவிடும்! 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி குனிந்து பார்த்தால் வண்டி 83 மீட்டர் போயிருக்கும். நம் வீட்டு முகப்பில் கண்ணை மூடி, பின்கட்டும் தாண்டிப் பின் தெருவில் திறப்பதுபோல.

டிரைவிங்கிலேயே ஆட்கள் பட்டியலில் ‘ரிப்பீட்டட் கால்ஸ்’ இருக்கும், அதை அணையுங்கள். ஆத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
தம்பி