லாகோஸ் மேடையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு இலக்கிய விழா என்றாலே நம் நாளிதழ்கள் பெரும்பாலும் பிரிட்டன் பக்கம்தான் திரும்புகின்றன. நைஜீரியாவின் அக்கே கலை மற்றும் புத்தகத் திருவிழாவுக்கும் இடம் தர வேண்டுகிறேன்.

கவிஞரும் நாவலாசிரியருமான லோலா ஷொனெயின் 2013-இல் அபெயோகூட்டா நகரில் இதைத் தொடங்கினார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வோலே சோயின்கா பிறந்த ஊர் அது. அவர் சிறுவனாக வளர்ந்த பகுதியின் பெயரையே விழாவுக்கு வைத்தார்கள். 2018-இல் விழா நைஜீரியாவின் பெருநகரான லாகோஸுக்கு இடம் மாறியது.

ஆப்பிரிக்க எழுத்தாளரின் புத்தகம் லண்டனில் அச்சாகி, அங்கே மதிப்புரை பெற்ற பிறகே சொந்த ஊர் வந்து சேரும் என்பதுதான் நெடுநாள் வழக்கம். 1962-இல் வரத் தொடங்கிய புகழ்பெற்ற 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை'யும் ஹைன்மேன் என்ற லண்டன் பதிப்பகத்துடையதே. அதன் தொண்டு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் லாகோஸ் அரங்கில் எழுந்து கேள்வி கேட்கும் வாசகருக்குக் கதையில் வரும் போக்குவரத்து நெரிசலும் ஜெனரேட்டர் சத்தமும் தினசரி வாழ்க்கை. எழுத்தாளர் எதையும் விளக்க வேண்டியதில்லை. நேரே கதைக்குள் போய்விடலாம். இந்தச் சுதந்திரத்துக்காகவே இந்த விழாவைக் கொண்டாடுகிறேன்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியும் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் தமிழில் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறையை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? உங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு ஆப்பிரிக்கச் சிறுகதையை, மொழிபெயர்ப்பாளருக்கு உரிய ஊதியம் தந்து, வெளியிடுங்கள். சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிக்கு வரும் ஆப்பிரிக்கப் பதிப்பாளர்களிடம் நம் பதிப்பாளர்கள் உரிமை கேட்டு வாங்கட்டும்.

– வாசகர் ஒருவர், மதுரை