அப்பாவின் வயலை அறுத்துக் கொடுத்தவர்களுக்கு

அப்பா இறந்த முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தில் நன்றி சொல்ல எழுந்தேன். இரண்டு வரிக்கு மேல் பேச்சு வரவில்லை. அன்று விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

கடைசி ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தன் வீட்டு மனிதரைப் போலப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவுக்கு நன்றி. நடுராத்திரியில் வண்டி எடுத்த டிரைவர் தம்பிக்கும், கேட்காமலே பந்தலும் நாற்காலியும் இறக்கிவிட்டு வாடகை பேச மறுத்த பாய்க்கும் நன்றி. கல்லறைத் தோட்டத்தில் நாலு அடி தோண்டுவதற்குள் ஊற்று சுரந்துவிட்டது. கடலோர மண் அப்படித்தான். வாளியால் இறைத்து, மணல் கொட்டி, அப்பாவை ஈரத்தில் வைக்காமல் பார்த்துக்கொண்ட பையன்களே, உங்களில் பாதிப் பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடக்க ஆராதனையைக் குருவானவர் ஐயா சுருக்கமாக முடித்தார். விவசாயி செத்தால் எல்லாரும், நிலத்தில் விழுந்து செத்தால் மிகுந்த பலன் கொடுக்கும் என்கிற பைபிளின் கோதுமை மணி வசனத்தைத்தான் எடுப்பார்கள். அவர் அதை எடுக்காமல், கோயிலில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாகத் தான் கொண்டுவந்த பரங்கிக்காயைத் தானே விலை ஏற்றி எடுத்துப்போன மனுஷரைப் பற்றிப் பேசினார். அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்தது அப்போதுதான்.

அப்பாவுக்கு லுத்தரன் சபை என்றால் பெருமை. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடித்தது, மறு வருஷமே அவரை அங்கேயே அடக்கம் பண்ணியது எல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்வார். கூடவே, "டேனிஷ்காரன் 1620-ல கோட்டை கட்டறப்பவே நம்ம ஆளுங்க இங்க உழுதுகிட்டுத்தான் இருந்தாங்க" என்று சேர்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வயலில் இறங்க மாட்டார். ஆனால் முறைத்தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், ஆராதனை முடிந்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடை திறக்கப் போய்விடுவார். அதை வேலைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம்.

எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவது கடைசியில்தான். மழை வெள்ளம் வடிவதும் கடைசியில்தான். அப்பா தவறும்போது சம்பா அறுப்புக்கு நின்றது. தம்பி துபாயிலிருந்து வந்து ஒரு வாரத்தில் திரும்ப வேண்டும். எனக்குச் சென்னையில் பள்ளிக்கூட வேலை. பயிர் சாய்ந்தால் சாயட்டும் என்றுதான் இருந்தோம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் வயல் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. மேலத்தெரு மாமா ஏழு மாவை அறுத்துக்கொண்டிருந்தார். மிச்சம் இரண்டு மாவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அரிவாளோடு குனிந்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அருகில் போனதும் ஒரு அக்கா தாளை விலக்கிக் காட்டினார். நெல்லின் அடியில் இரண்டிலை விட்ட உளுந்து. நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னால் அப்பா தெளித்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது, இவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிஷின் இறங்கினால் முளை நசுங்கிவிடும் என்று கையால் அறுத்தார்கள்.

கொள்முதல் நிலையத்தில் நாலு ராத்திரி காக்க வைத்தார்கள். பனி இறங்கினால் ஈரப்பதம் அனுமதித்த 17 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்று தார்ப்பாய் போட்டு மூடி, நெல் பக்கத்திலேயே நம் ஊர் ஆட்கள் மாற்றி மாற்றிப் படுத்தார்கள். அப்பா ஒரு மணியைக் கடித்தே ஈரம் சொல்லிவிடுவார். நானும் கடித்துப் பார்த்தேன். நெல் ருசி மட்டும்தான் தெரிந்தது. மாமா கடித்துவிட்டு, "கடக்குன்னு ஒடையுது பாப்பா, தேறிடும்" என்றார். தேறியது. 40 கிலோ சிப்பம் 98 போட்டார்கள்.

மிஷின் வாடகையையும் கூலியையும் கணக்குப் பார்த்துக் கொண்டுபோனேன். மாமா கையை நீட்டவில்லை. 2022 நவம்பர் 11-ஆம் தேதி ராத்திரி நினைவிருக்கிறதா என்று கேட்டார். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டிய மழை. இந்தப் பக்கமும் வயலெல்லாம் முங்கியது. அவர் நட்ட பயிர் முழுக்க அழுகிப்போனதாம். மேட்டில் இருந்த நாற்றங்காலில் தனக்கென்று மிச்சம் கிடந்த நாற்றில் பாதியை அப்பா பறித்துக் கொடுத்திருக்கிறார். "அந்த நாத்துக்கு நான் காசா குடுத்தேன்?" என்றார். அப்பா இதை வீட்டில் சொன்னதே இல்லை. அந்த வருஷம் எங்கள் வயலில் ஏன் அங்கங்கே சொட்டையாக இருந்தது என்று அம்மாவுக்கு இப்போதுதான் தெரிகிறது.

அறுத்த அக்காமார்கள் கூலியை வாங்கிக்கொண்டார்கள். அதுவும் அம்மா கையில் திணித்த பிறகு, பாதிதான்.

உளுந்து இப்போது பூ எடுத்திருக்கிறது. பங்குனிக் கடைசியில் பறிக்க வேண்டியிருக்கும், நான் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆளுக்கு ஒரு படி எடுத்து வைக்கிறோம். வண்டி ஓட்டிய தம்பி, குழி வெட்டிய பையன்கள், பாய், எல்லாரும் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அம்மாவுக்கு வருத்தமாகிவிடும்.

இப்படிக்கு,
மூத்த மகள்