கண்ணைப் பறிக்கிறது ஃபார்மிக் ஆசிட்தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால்ங்கற தொழிற்சாலை ஆல்கஹால் கலந்த சாராயத்தால 60 பேருக்கு மேல செத்தாங்க, நெஞ்சு இன்னும் ஆறல. மெத்தனாலை நம்ம கல்லீரல் ஃபார்மால்டிஹைடா மாத்தி அப்புறம் ஃபார்மிக் ஆசிட்டா ஆக்கிடுது, சில எறும்பு கடிச்சா எரியுதே அந்த ஆசிட்தான், அது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாம தடுக்குது, கண் நரம்பு சீக்கிரமே அடிவாங்குது. வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிட்ல ஃபார்மிக் ஆசிட்டை விட ஒரே ஒரு கார்பன்தான் அதிகம், ஆனா அதை உடம்பு எரிச்சு சக்தியாக்கிக்கும்! மெத்தனால் விஷமா மாற பல மணி நேரம் ஆகும், அதனால குடிச்சவுடனே தெரியாது. பார்வை மங்குதுன்னு சொன்னா போதை தெளியட்டும்னு படுக்க வைக்காதீங்க, உடனே பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, ஃபோமிபிசோல் மருந்து, டயாலிசிஸ்னு வைத்தியம் இருக்கு. தயவுசெஞ்சு இதை முதல் பக்கத்துல போடுங்க ஐயா.

- ஒரு வேதியியல் வாத்தியார், விழுப்புரம்