பெரிய மீன் படங்களில் அளவுநாடா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாசகர்கள் அனுப்பி நீங்கள் வெளியிடும் மீன் படங்கள் பலவற்றில் நீளமும் இல்லை, நிறையும் இல்லை. ‘இராட்சதக் கொடுவா’ என்று தலைப்பு மட்டும் இருக்கிறது.

கையை நீட்டிப் பிடித்த மீனை நம்பவே முடியாது. கைத்தொலைபேசி ஆளின் நெஞ்சிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மீனை 2 அடி முன்னுக்கு நீட்டினால் கமராவுக்கும் அதற்கும் இடையில் 3 அடிதான். ஆளோடு ஒப்பிடும்போது 2 அடிக் கொடுவா 3 அடி 4 அங்குலமாகத் தெரியும். பிடித்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும் பார்ப்பவர் ஏமாறுவார்.

மீனை ஈரச் சாக்கில் தலை இடப்பக்கமாகக் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியை நாடாவின் பூச்சியத்தில் வைக்கவேண்டும். நாடா மீனுக்கு அடியில் நேராகக் கிடக்கட்டும். மேலால் போட்டால் வயிற்று வளைவோடு ஓடி அளவைக் கூட்டிவிடும். பாரை, சூரைக்கு வாற்கவடு வரை, அதாவது வால் இரண்டாகப் பிரியும் இடம் வரை அளப்பது வழக்கம். கொடுவாவுக்கு வால் நுனி வரை. எது வரை அளந்தது என்று ஒரு சொல் எழுதினால் போதும். முதுகுச் செட்டையை விரலால் விரித்துப் பிடியுங்கள், இனம் பிரிக்க அது வேண்டும். கமரா மீனின் நடுவுக்கு நேர் மேலே நிற்கவேண்டும்.

நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கல்லடியிலோ வாழைச்சேனையிலோ காலையில் கடல் பின்னணியில் தெரியவேண்டும் என்று எடுத்தால் மீன் இருண்டுபோகும். எடுப்பவர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளிச் செதிள் வெளிறிப்போகும். வள்ளத்தின் நிழலுக்குள் மீனை இழுத்து, திரையில் மீனின் மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். லென்ஸில் உப்பும் மீன் நெய்யும் படிந்திருக்கும், துடைக்க மறக்கவேண்டாம். ஐஸில் போடுமுன்பே எடுப்பது நல்லது. அறுக்குளாவின் குறுக்கு வரிகள் நேரம் போகப்போக மங்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, நாடாவின் எண்கள் கரைந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது. ஆனால் எடுத்த இடமும் படத்தோடு சேர்ந்து போகலாம். மீன் படும் இடத்தைக் காக்க நினைப்பவர் கமராவின் இடக்குறிப்பை முன்கூட்டியே நிறுத்திவைக்கட்டும்.

முட்டை தாங்கிய சிங்க இறாலைப் பிடிப்பது இலங்கையில் சட்டப்படி தடை. உடலளவுக்கு நீண்ட வால் கொண்ட கசைவால் சுறாவுக்கும் 2012 முதல் தடை இருக்கிறது. இவற்றைத் தூக்கிக் காட்டும் படங்களைச் சாதனையென்று தயவுசெய்து அச்சிடவேண்டாம். மற்றவற்றுக்கு நாடா தெரியும் படம், பிடித்த திகதி, தூண்டிலா வலையா என்ற விபரம் ஆகிய மூன்றையும் கேட்டு, பகுதியின் மேலே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு