செயலாளரின் ஆண்டறிக்கை: ஹாம் றேடியோ (தன்னார்வ வானொலித் தொடர்பு) தொண்டர்கள், மட்டக்களப்பு

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

நிர்வாகக் கூட்டங்கள் நான்கு. இரண்டுக்குக் கோரம் (வேண்டிய குறைந்தளவு வரவு) சேரவில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்றும், கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் வழமைபோல் கையடக்க றேடியோக்களான கைச்செற்றுகளோடு கடமையில் நின்றோம். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தையில் ஒரு நிலையம் இயங்கியது. அதற்கு அப்பால் காட்டுக்குள் 5 வாற்ஸ் கைச்செற் எட்டாது என்பதை ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன்.

மாரி வெள்ளத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை நிலையம் வாய்திறக்காமல் போனதைப் பற்றிப் பலர் பலவாறு பேசுகிறார்கள். நடந்தது இதுதான். கேட்பது தெளிவாகக் கேட்டது. பேசப் பொத்தானை அழுத்தியதும் செற் அணைந்தது. பற்றரி செத்துவிட்டதென்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பற்றரியில் 12.5 வோல்ற் இருந்தது. பழுது வயரில். யாரோ வீட்டு வயறிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை மூன்று மீற்றர் இழுத்திருந்தார்கள். 100 வாற்ஸில் செற் ஏறக்குறைய 20 அம்பியர் குடிக்கும். போக வர ஆறு மீற்றரில் 0.9 வோல்ற் வயரிலேயே கரைந்துவிடும். செற்றுக்கு எஞ்சுவது 11.6. 11.7க்குக் கீழே இறங்கினால் செற் இயங்காது. வலுவை 30 வாற்ஸுக்குக் குறைத்திருந்தால் அன்றே பேசியிருக்கலாம். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இது தெரியும்.

இதன் பின்னரே, அவசரத்துக்கு வேண்டியவற்றை ஒரே பெட்டியில் ஆயத்தமாக வைக்கும் பெட்டித் திட்டத்தைத் தொடங்கினேன். தேவையற்ற செலவு என்றவர்களுக்கும் சேர்த்து விபரம் தருகிறேன்: 6 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரி முனையோடு ஒட்டியே இரு வயரிலும் 25 அம்பியர் பியூஸ், 7.110 மெகாஹேட்ஸுக்கு இருகை வயர் அன்ரெனா. ஒவ்வொரு கையும் 10.3 மீற்றர் வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (அன்ரெனா செற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பார்த்துப் பார்த்து 10.05 அளவுக்குக் கழிக்க வேண்டும். தென்னையின் உச்சிக்கு ஏற்ற வேண்டாம். நாலு மீற்றர் உயரம் போதும். தாழக் கட்டினால் அலை நேர்மேலே போய்த் திரும்பி விழும், மலைநாட்டைத் தாண்டிப் பகலில் கொழும்பு கிடைக்கும். இரவில் 7 மெகாஹேட்ஸ் கிட்ட உள்ள ஊர்களைத் தாண்டிப் போய்விடும், 3.6 மெகாஹேட்ஸுக்கு மாற வேண்டும். அதற்குரிய 20 மீற்றர் கைகள் இன்னும் வெட்டப்படவில்லை. வயர் வாங்கப் பணமில்லை. கடற்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பிடிக்கின்றன, ரப்பர் ரேப் சுற்றாதவை ஒரு மாரிக்கு மேல் தாங்கவில்லை.

ஞாயிறு இரவுச் சோதனை அழைப்புக்குப் பெரும்பாலும் மூன்று குரல்தான் பதில் தருகிறது. சந்தா கட்டாதவர்களின் பெயரை வாசிக்க வேண்டாமெனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் உண்டு.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இடம் தந்த பாடசாலைக்கும், தேநீர் தந்த ஆலய நிர்வாகத்தினருக்கும் நன்றி.

1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர்ச் சுனாமியையும் கண்ட மாவட்டம் இது. வரும் ஆண்டு செயலாளராக யாரும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பெட்டியின் சாவி, மீற்றர், குறடு மூன்றும் மேசையில் இருக்கின்றன. பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜில் போட வேண்டும். இந்த மாதம் இன்னும் போடவில்லை.