செவ்வாயில் தனியாக நின்றவன்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலை போனதை நீ சொன்னதிலிருந்து போனில் என்ன பேசினாலும் ஆறுதல் சொல்வது போலவே ஆகிவிடுகிறது. நீயும் "சரிப்பா, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ எனக்குப் போட்டுக் காட்டிய 'தி மார்ஷியன்' படத்தை இந்த வாரம் மறுபடி பார்த்தேன். 2015-ல் வந்தது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

செவ்வாய் கிரகத்தில் புயல் அடிக்கிறது. விண்வெளி வீரன் மார்க் வாட்னி செத்துவிட்டான் என்று நினைத்துக் குழு கிளம்பிவிடுகிறது. (அந்தப் புயல் மட்டும் பொய். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு வேகமாக வீசினாலும் ஆளைத் தூக்கி எறியும் பலம் அதற்கு வராது.) கண் விழித்தவன் வயிற்றில் குத்தியிருந்த கம்பியைப் பிடுங்கிக் காயத்தை மூடுகிறான். அப்புறம், இருக்கிற சாப்பாட்டை எண்ணுகிறான். எத்தனை நாளுக்கு வரும், அடுத்த விண்கலம் வர எத்தனை வருடம், நடுவில் எவ்வளவு குறைகிறது? இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் விருந்துக்கென்று வைத்திருந்த உருளைக்கிழங்கு அவன் கண்ணில் விதையாகப் படுகிறது.

'தானே' புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பண்ருட்டிப் பக்கம் தாத்தாவின் கொல்லையில் முந்திரி எல்லாம் ஒரே திசையில் வேரோடு படுத்துக் கிடந்தது. பாட்டி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். தாத்தா ஒரு பேச்சும் இல்லாமல் நிற்கிற மரத்தை மட்டும் எண்ணிக்கொண்டே போனார். சாய்ந்த பலாவில் சின்னதாக இருந்ததை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார். காலியான இடத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டார். விருத்தாசலத்திலிருந்து ஒட்டுக்கன்று வந்தது அதற்கப்புறம்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. விழுந்த மரத்தை அறுக்க மெஷின் ரம்பம் வேண்டும். ஊரில் அது இருந்தது, வரப்புத் தகராறில் தாத்தா பல வருடமாகப் பேசாமல் இருந்த பங்காளி வீட்டில். அன்று மத்தியானமே தாத்தா அவர் வாசலில் போய் நின்றார். "ரம்பம் வேணும்" என்றார், அவ்வளவுதான். அவர் ரம்பத்தை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை, மகனையும் கூட அனுப்பினார். கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் இரண்டு கொல்லை மரத்தையும் சேர்ந்தே அறுத்தார்கள்.

வாட்னியைத் தனியாளாகச் சாதித்தவன் என்றுதான் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளர்த்த செடியெல்லாம் பிறகு கதவு வெடித்து ஒரே நிமிடத்தில் உறைந்து செத்துப்போகிறதே! கிழங்கு அவனைக் கொஞ்ச காலம்தான் தாங்கியது. அவனைக் காப்பாற்றியது, 1997-ல் செவ்வாயில் இறங்கி ஓய்ந்து கிடந்த பாத்ஃபைண்டர் என்ற நாசா கலத்தைத் தேடிப்போய் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தானே, அதுதான். "நான் எழுதுவது தெரிகிறதா?" என்று அட்டையில் எழுதி வைக்கிறான். ஒரு பக்கம் 'ஆம்', மறுபக்கம் 'இல்லை'. பூமியிலிருந்து திருப்பும் அதன் கேமரா மெதுவாகத் திரும்பி 'ஆம்' பக்கம் நிற்கிறது. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அதற்கப்புறம்தான் சீனா தன் ராக்கெட்டைக் கொடுக்கிறது. வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த குழு இன்னும் 533 நாள் விண்வெளியில் கிடக்கச் சம்மதித்து, மேலிடம் வேண்டாம் என்று சொல்லியும் கப்பலைத் திருப்புகிறது. உயிரோடு இருக்கிறேன் என்று இவன் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் எப்படித் திரும்புவார்கள்?

நீ அந்த அறையில் உட்கார்ந்து யாருக்கும் சொல்லாமல் இருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். கூடப் படித்தவர்களுக்குத் தெரியாது, பழைய கம்பெனியில் உன்னை வேலைக்கு எடுத்த அந்த அம்மாளுக்கும் தெரியாது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது பாப்பா? நூற்றுக்கணக்கான பேரை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உன் வேலையில் குறை சொல்லி அனுப்பவில்லை. பத்துப் பேருக்குச் சொல். அதில் எந்தக் கேமரா உன் பக்கம் திரும்பும் என்று இப்போதே தெரியாது.

பழைய வேலையை விட்டு இதற்கு வந்திருக்கவே கூடாது என்றும் சொன்னாயாம். அதே 2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை' படம் ஞாபகம் இருக்கிறதா? கால இயந்திரத்தில் பழைய நாளுக்குப் போன நண்பர்களால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொண்டு, அவனே அவர்களுக்கு எமனாக வந்து நிற்பான். நடந்து முடிந்ததை விட்டுவிடு.

'இன்டர்ஸ்டெல்லர்' படம் உனக்கு 'தி மார்ஷியன்' படத்தைவிடப் பிடிக்கும். அதில் நோய் விழுந்து பக்கத்து விவசாயி வெண்டைக்காய்ப் பயிரைக் கொளுத்துவார், உலகத்தின் கடைசி வெண்டை அதுதான் என்பார்கள். எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது பள்ளிக்கூடக் காட்சி. நிலவில் மனிதன் இறங்கியதே பொய் என்று பாடப்புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். வயிற்றுப்பாட்டுக் கவலையில் பிள்ளைகள் மேலே பார்ப்பதையே நிறுத்தச் சொல்கிறார்கள். உன் சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பை நிறுத்தப்போவதாகச் சொன்னாயே, நிறுத்தாதே. அந்தப் பணம் நான் கட்டுகிறேன்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். ஒரு தாளில் எழுது: பேங்கில் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, வாடகை, அட்வான்ஸில் திரும்பி வருவது, மாதச் செலவு. எத்தனை மாதம் தாங்கும் என்று கீழே போடு. அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, குறைவதை இங்கிருந்து எப்படி நிரப்பலாம் என்று நானும் அம்மாவும் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவோம். எடு.

அன்புடன்,
அப்பா