பின் சக்கரத்து நட்டு

கும்பகோணம்
ஞாயிறு இரவு

தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நீயும் இரண்டு நிமிஷத்தில் "வேலை இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுப் பெரிய எழுத்தாகவே எழுதியிருக்கிறேன். படிக்காமல் விடாதே.

பணம் வந்தது. போன மாசம் 30,000, இந்த மாசம் 45,000. இரண்டையும் பேங்க் கடனுக்குக் கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அங்கே லண்டனில் படிக்கிறவர்கள் காலேஜ் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாமாமே, மெடிக்கல் கடைக்காரர் சொன்னார். அதையும் நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாய். சந்தோஷம். உன் பின்னால் சுவரில் சாய்த்திருக்கிற சைக்கிளைத்தான் நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சாதா சைக்கிளில் சக்கரத்து நடுவில் மோட்டார் ஹப்பை வைத்து யாரோ கோத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கம்பியோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றியிருக்கிறது. பின் ஆக்ஸில் நட்டுக்கு வெளியே ஒரு மரைகூட நீட்டிக்கொண்டு இல்லை. பக்கத்தில் சதுரமாக ஒரு பை, பாதிதான் தெரிகிறது. "அது என்னங்க அவ்வளவு பெருசா?" என்றாள் அம்மா. காலேஜ் புத்தகப் பை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு மின்சார சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். ஹீரோ லெக்ட்ரோ, அது இது என்று நம் சைக்கிள் கடைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. முதலில் தொடவே பயமாக இருந்தது. இப்போது மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். 36 வோல்ட் பேட்டரி முழுசாக ஏறினால் 42 காட்ட வேண்டும் என்று அறுபத்தோரு வயதில் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்த நட்டு. மோட்டார் ஹப்பின் ஆக்ஸில் முழு உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கமும் தட்டையாக அராவியிருக்கும். அந்தத் தட்டைதான் ஃபோர்க் வாயில் உட்கார்ந்து ஆக்ஸிலைச் சுற்றவிடாமல் பிடிக்கிறது. நட்டு தளர்ந்தால் மோட்டார் இழுக்கிற இழுப்பில் ஆக்ஸிலே சுழன்று, வாயை அகட்டி, வயரை முறுக்கி அறுத்துவிடும். சக்கரம் கழன்றே வந்துவிடும். டார்க் ஆர்ம் என்று ஓர் இரும்புப் பட்டை விற்கிறார்கள், ஆக்ஸிலைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உன் படத்தில் அது இல்லை. வாங்கிப் போடு. வாரம் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார். ஸ்பானர் இல்லையென்றால் அதையும் வாங்கு, எனக்கு அனுப்புகிற காசில் பிடித்துக்கொள்.

அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக், கம்பி இழுக்கிற வகை என்று தெரிகிறது. அதில் பெரும்பாலும் வெளிப்பக்கத்துக் கட்டை மட்டும்தான் நகரும், உள்பக்கத்துக் கட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். கட்டை தேயத் தேய எல்லோரும் கம்பியை மட்டும் இழுத்துக் கட்டிக்கொண்டே போவார்கள். அப்போது டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து வளைந்து உரசும். உள்பக்கம் ஒரு திருகு இருக்கும், அதை முன்னால் கொண்டுவந்து டிஸ்கைத் தொடவிட்டு, பிறகு ஒரு மயிரிழை பின்னால் எடு. அதன் பிறகுதான் கம்பி. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதை வை. சர் சர் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் பின்னால் எடு. கட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் மாற்றிவிடு, பிசுனாரித்தனம் பண்ணாதே. டிஸ்கில் எண்ணெய் பட்டுவிடக் கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது துணியைச் சுற்றிக்கொண்டு விடு. பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கிறதா என்று பின் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள். ஆளும் மோட்டாரும் சுமையும் சேர்ந்தால் சாதா சைக்கிளைவிட இது கட்டையைச் சீக்கிரம் தின்னும். சுமை என்று நான் சொன்னது புத்தகப் பையை.

பேட்டரி விஷயத்தில் என்னைப் பயமுறுத்திவிட்டார்கள். லண்டன் தீயணைப்புக்காரர்களே எச்சரித்துக்கொண்டிருக்கிறார்களாம். வாசல் நடையில் வைத்துச் சார்ஜ் போடாதே. தீப்பிடித்தால் வீட்டில் இருக்கிற ஐந்து பேரும் வெளியே வருகிற வழி அதுதான். தூங்கும்போது போடாதே. அதற்கென்று வந்த சார்ஜர் தவிர வேறு எதையும் சொருகாதே. வெளியே குளிரில் நின்று வந்ததை உடனே போடாதே, வீட்டுச் சூட்டுக்கு வரட்டும். வீங்கினாலோ வாடை அடித்தாலோ காசு போனால் போகிறது, தொடாதே. தூங்கும்போது போடாதே, மறுபடியும் சொல்கிறேன். மோட்டாரும் 250 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாதாம், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவி செய்யக் கூடாதாம். மீறினால் மோட்டார் சைக்கிள் கணக்கில் சேர்த்துப் போலீஸ் பிடுங்கிக்கொண்டு போய்விடும். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் தம்பி.

பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்களாமே, துடைத்துவிட்டு நிறுத்து.

நட்டைப் பற்றி இவ்வளவு சொன்னேன் இல்லையா. நீ ஏழாவது படிக்கும்போது மேலக்காவேரி பாலத்து இறக்கத்தில் விழுந்தாயே, அந்தச் சைக்கிள். முன் சக்கரம் பஞ்சர் ஒட்டி மாட்டிவிட்டு, நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்துவிட்டு நான் டீக்கடைக்குப் போயிருந்தேன். நீ எடுத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது, ஆனால் நட்டு முடுக்காதது தெரியும். ஆஸ்பத்திரியில் தாடையில் ஐந்து தையல் போட்டு உட்கார்ந்திருந்த உன்னை "கேக்காம எடுப்பியா" என்று எல்லோர் முன்னாலும் அறைந்தேன். உன்மேல் கோபம் இல்லை. யாராவது சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். அம்மாவுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அதன் பிறகு நீ கடைப் பக்கமே வரவில்லை. பையன் படிப்பில் கெட்டி, ஸ்பானரைத் தொட மாட்டான் என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொட்டிருந்தால் இன்றைக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன், பத்தரை ஆகிவிட்டது. அத்தை பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், அம்மா சொல்லுவாள். ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலுக்குப் போனால் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடு.

நட்டை முடுக்கிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. கிட்டே போய், வெளிச்சமாக எடு. பை தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா